நெருக்கடியில் நேர்மை: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை இடத்திலோ வீட்டிலோ, சில சமயம் சபைக்குள்ளேயோ, "இந்த ஒரு தடவை மட்டும் கண்டுக்காம விட்டுடுங்க" என்று யாராவது சொல்லி, இரவு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர்களுக்காக எழுதியது இது. கேள்விகள் எல்லாம் உண்மையாகவே ஆட்கள் கேட்பவைதான். பதில்களில் வேதமும் இருக்கும், சபை வரலாறும் இருக்கும், என் சொந்த அபிப்பிராயமும் ஆங்காங்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாக இருந்தால் கடைசியில் நல்லதுதானே நடக்கும்? கர்த்தர் உயர்த்துவார் இல்லையா?

இதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும், ஏனென்றால் நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பது இதைத்தான், நெருக்கடி வரும்போது நம்மை முதலில் கைவிடுவதும் இதுதான்.

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போத்திபாரின் மனைவி விஷயத்தில் அவன் உத்தமமாக நடந்தான், அதனால் என்ன கிடைத்தது? ஜெயில். ஆதியாகமம் 39ஐ நிதானமாக வாசித்தால் தெரியும், அவன் உள்ளே போனதற்குக் காரணமே அவனுடைய நேர்மைதான். அங்கே பானபாத்திரக்காரனுக்கு உதவி செய்தான், அந்த ஆள் வெளியே போனதும் மறந்துவிட்டான், அப்புறம் முழுதாக 2 வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நாம் 41ஆம் அதிகாரத்தில் வரும் இரதத்தையும் மோதிரத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டு 39ஐ வாசிக்கிறோம். அவனுக்கு அது தெரியாது. "நான் இத்தனை பெரிய பொல்லாங்குக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்றுதான் அவன் சொன்னான், பிற்காலத்தில் பதவி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லவில்லை.

சரி, யோசேப்புக்காவது கடைசியில் நல்லது நடந்தது. நாபோத்துக்கு? தகப்பன் வழி வந்த திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு விற்க மாட்டேன் என்றான், அவ்வளவுதான் அவன் செய்தது. ராணி யேசபேல் ராஜாவின் முத்திரையைப் போட்டுக் கடிதம் எழுதினாள், ஊர்ப் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தார்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்கள். தீர்க்கதரிசி எலியா வந்து ஆகாபைக் கண்டித்தார், தண்டனையும் அறிவிக்கப்பட்டது, ஆனால் நாபோத் திரும்பி வரவில்லை. யோவான் ஸ்நானகனுக்கும் அப்படித்தான், ஏரோதிடம் உள்ளதைச் சொன்னதற்குத் தலை போனது.

லாபம் வரும் என்று நேர்மையாக இருக்கிறவர், நஷ்டம் அதிகம் என்று தெரிகிற நாளில் அதே கணக்கின்படி நேர்மையை விட்டுவிடுவார். சங்கீதம் 15 கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுவிட்டு, தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவன் என்று சொல்கிறது. நஷ்டம் வரும் என்பதை அந்தச் சங்கீதம் மறைக்கவில்லை. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும், தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு "விடுவிக்காமற்போனாலும்" என்று அடுத்த வார்த்தையையும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வார்த்தையை நாம் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை என்பது என் வருத்தம்.

வெறும் ஒரு கையெழுத்துதானே? மனதுக்குள் நான் அதை ஏற்கவில்லையே?

இது புதுக் கேள்வி இல்லை. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ் ஒரு கட்டளை போட்டான்: எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, அதிகாரிகள் முன்னிலையில் செலுத்தியதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. இன்னார் எங்கள் கண்முன் பலியிட்டார் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு, நம் அலுவலகப் படிவம் மாதிரியே இருக்கும்.

கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டே விட்டார்கள். சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். மூன்றாவது ஒரு கூட்டம் இருந்தது, அவர்கள்தான் நமக்கு நெருங்கிய சொந்தம்: பலியிடவில்லை, ஆனால் அதிகாரிக்குக் காசு கொடுத்து, பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் சிலைக்கு முன் நிற்கவே இல்லையே, வெறும் தாள்தானே என்று வாதாடினார்கள். கார்த்தேஜ் நகரத்துக் கண்காணியான (பிஷப்பான) சிப்ரியானும் மற்றவர்களும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பலியிட்டவர்களைவிட இவர்களுடைய குற்றம் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள், ஆனாலும் குற்றமே இல்லை என்று விடவில்லை. தாளில் உங்கள் பெயர் இருக்கிறது, அந்தத் தாள் உங்களைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்கிறது, அதற்குச் சாட்சி நீங்களே.

வராத ஆளுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நடக்காத சோதனைக்கு "சரிபார்க்கப்பட்டது" முத்திரை, போன மாதத் தேதி போட்டு இன்று தயாராகும் ரசீது, இவை எல்லாமே அந்தச் சான்றிதழின் வம்சம்தான். கையெழுத்து என்பது இன்னொருவர் பார்க்காததை நான் பார்த்தேன் என்று கொடுக்கிற வாக்கு. அதை நம்பி யாரோ ஒருவர் அந்த லிஃப்டில் ஏறுவார், அந்த மருந்தைச் சாப்பிடுவார்.

மிரட்டினால் எதிர்த்து நிற்பேன். ஆனால் அன்பாகப் பேசிக் கேட்கிறார்களே?

அதுதான் கஷ்டம். ஸ்மிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப்பைக் கைதுசெய்த கதையில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 155இல் நடந்தது. மைதானத்துக்குக் கூட்டிப்போகும் வழியில், காவல் தலைவனும் அவனுடைய அப்பாவும் எதிரே வந்து, வயதான மனிதர் என்று அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்து, நயமாகப் பேசுகிறார்கள். "இராயனே (ரோமப் பேரரசனே) ஆண்டவர்" என்று சொல்வதில் என்ன தப்பு? கொஞ்சம் தூபம் போட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? அவர் முதலில் பதில் பேசவில்லை. விடாமல் வற்புறுத்தியதும், நீங்கள் சொல்வதைச் செய்யப்போவதில்லை என்றார். அவ்வளவுதான், நயம் போன இடம் தெரியவில்லை. திட்டித் தீர்த்து, வண்டியிலிருந்து தள்ளியதில் அவருடைய கணைக்கால் முன்பக்கம் சிராய்த்துக்கொண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமாக நடந்தார் என்று அவருடைய சபை பிற்பாடு எழுதிய கடிதம் சொல்கிறது. பிறகு தேசாதிபதியிடம், 86 வருடம் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று அவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ அந்த வண்டிக்குள் நடந்த பேச்சுதான் பெரிய சோதனையாகப் படுகிறது. நமக்கு நெருக்கடி பெரும்பாலும் அப்படித்தான் வரும், டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று.

அன்பாகக் கேட்டவருக்கு அன்பாகவே மறுக்கலாம். ஆனால் மறுத்தபிறகு அந்த அன்பு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்யத்தான் போகிறார். என் மறுப்பால் என்ன பயன்?

1 சாமுவேல் 22. தாவீதுக்கு உதவினார்கள் என்று சவுல் நோப் ஊர் ஆசாரியர்களைக் கொல்லச் சொல்கிறான். கூட நின்ற சேவகர்கள் கர்த்தருடைய ஆசாரியர்மேல் கை நீட்ட மனதில்லாமல் அப்படியே நிற்கிறார்கள். சவுல் ஏதோமியனான தோவேக்கைப் பார்க்கிறான், அவன் செய்து முடிக்கிறான். அன்று செத்த ஆசாரியர்கள் மட்டும் 85 பேர்.

அந்தச் சேவகர்களின் மறுப்பு யாருடைய உயிரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் அது வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. "வேறொருவர் செய்வார்" என்பது பெரும்பாலும் உண்மைதான், அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்த வேறொருவர் நானாக இருக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணமாகுமா? ஒன்று மட்டும் உறுத்துகிறது: அவர்கள் வாளை எடுக்கவில்லை, சரி, தோவேக்கைத் தடுக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என் பங்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

சரி, மறுப்பது என்று முடிவு. எப்படிச் சொல்வது? சண்டை போட எனக்கு வராது.

சண்டை போட வேண்டியதில்லை. தானியேல் முதல் அதிகாரத்தில் எப்படி நடந்தான் என்று பாருங்கள், வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதை மனப்பாடம் செய்யலாம். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று முதலில் மனதுக்குள் தீர்மானம். அப்புறம் பிரதானிகளின் தலைவனிடம் போய் வேண்டிக்கொள்கிறான். அவன் நல்லவன்தான், ஆனால் பயப்படுகிறான், உங்கள் முகம் வாடிப்போனால் ராஜா என் தலையை வாங்கிவிடுவார் என்கிறான். தானியேல் அவனைத் திட்டவில்லை, கோழை என்று சொல்லவில்லை. ஒரு படி கீழே இருந்த விசாரிப்புக்காரனிடம் போய் 10 நாள் பரீட்சை ஒன்றை முன்வைக்கிறான்: காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம். எதிராளியின் பயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட மறுப்பு அது.

நடைமுறையில் நான் சொல்வது இவ்வளவுதான். யோசிக்க நேரம் கேளுங்கள். அவசரப்படுத்துகிறவர்கள் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. "நீங்கள் சொல்வதை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள், பாதி விஷயங்கள் அங்கேயே செத்துப்போகும். "என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது, ஆனால் உண்மையான தேதி போட்டு, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதித் தருகிறேன்" என்பதுபோல் செய்ய முடிந்ததையும் கையோடு சொல்லுங்கள். காரணத்தை நீளமாக விளக்காதீர்கள், விளக்கம் நீள நீள பேரம் பேச இடம் கிடைக்கும். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, முடிவை அந்த அறைக்குள் எடுக்க முயலாதீர்கள். மேலதிகாரி எதிரே உட்கார்ந்து பேனாவை நீட்டும்போது யோசித்தால் வாய் தானாகவே "சரி சார்" என்றுதான் சொல்லும். எதற்கெல்லாம் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை ஒரு சாதாரண நாளில், ஒருவரும் கேட்காதபோதே, வீட்டில் கணவனோ மனைவியோ கூட இருந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் சொன்ன பதிலையும், ஒற்றர்களை ஒளித்துவைத்துவிட்டு ராகாப் சொன்ன பதிலையும் வைத்து சபை நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் பொய் கூடாது என்றார் அகுஸ்தீன். கொலைகாரனுக்கு உண்மை சொல்லும் கடமை இல்லை என்று நினைக்கும் விசுவாசிகளும் ஏராளம். இரண்டாம் உலகப்போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்தவர்களில் பலர் வாசலில் நின்ற போலீஸிடம் யாரும் இல்லை என்றே சொன்னார்கள். நான் அவர்கள் பக்கம்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோருடைய வீட்டில் யாரும் ஒளிந்திருக்கவில்லை. பயணப்படி பில்லைக் கூட்டிப் போடுவதற்குச் சிப்பிராளையும் பூவாளையும் துணைக்கு அழைக்காதீர்கள், அவர்கள் காப்பாற்றியது குழந்தைகளை.

எல்லா உண்மையையும் எல்லாரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. ஏரோது அநேக காரியங்களைக் கேட்டபோது இயேசு ஒரு பதிலும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. புறாவைப்போலக் கபடற்று இருக்கச் சொன்னவர்தான் சர்ப்பத்தைப்போல வினாவுள்ளவர்களாகவும் இருக்கச் சொன்னார். ஆனால் உங்கள் மௌனத்தை நம்பி ஒருவர் ஏமாந்து கையெழுத்துப் போடுகிறார் என்றால் அந்த மௌனமும் பேச்சுதான்.

லஞ்சம் வாங்க மாட்டேன், அது சரி. ஆனால் கொடுக்காமல் எந்த வேலையும் நடக்கவில்லையே?

வாங்குவதைப் பற்றி வேதத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பரிதானம் (லஞ்சம்) பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23. கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெறக் கொடுப்பது, அதாவது வரிசையில் முந்துவது, தகுதியில்லாத ஒப்பந்தத்தை வாங்குவது, இன்னொருவருடைய இடத்தைப் பறிப்பது, இதில் கொடுப்பவரும் வாங்குபவரும் சம குற்றவாளிகள். எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு காசு கேட்பது கிட்டத்தட்ட கொள்ளை, அங்கே பாரம் பெரும்பாலும் பறிக்கிறவர் தலையில். உடம்பு முடியாத பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் காசு கொடுத்த தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தாயின் நிலைமையைக் காட்டி நம்மில் பலர் அவசரமே இல்லாத வேலைக்கும் கொடுத்துப் பழகிவிட்டோம், அதுதான் பிரச்சினை. பவுலைப் பாருங்கள். தேசாதிபதி பேலிக்ஸ் அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், விசுவாசத்தில் ஆர்வம் வந்து அல்ல, பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்து. அப்போஸ்தலர் 24:26இல் இது வெளிப்படையாகவே இருக்கிறது. பவுலுக்கு எத்தனையோ சபைகளில் நண்பர்கள். கேட்டிருந்தால் திரட்டிக் கொடுத்திருப்பார்கள், வெளியே வந்து இன்னும் நாலு ஊரில் சுவிசேஷம் சொல்லலாமே என்று அதற்கு ஆவிக்குரிய காரணமும் ரெடியாக இருந்திருக்கும். கொடுக்கவில்லை. 2 வருடம் காவலில் இருந்தார், பேலிக்ஸ் மாற்றலாகிப் போகும்போதும் அவரைக் கட்டப்பட்டவராகவே விட்டுப்போனான்.

ஆகவே முதலில் காத்திருக்கத் தயாராகுங்கள், நேரம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள், கடைசி நாளில் போய் நிற்பவரிடம்தான் அதிகமாகக் கேட்பார்கள். தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிப் போங்கள். "ரசீது கிடைக்குமா?" என்று உரக்கக் கேளுங்கள். புகார் செய்ய வழி இருந்தால் செய்யுங்கள்.

எனக்கு வருவதை நான் தாங்குவேன். என் பிள்ளைகளும் கஷ்டப்பட வேண்டுமா?

இந்தப் பக்கத்திலேயே எளிதாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்று ஒரு ஆஸ்திரிய விவசாயி, கத்தோலிக்கர், 1907இல் பிறந்தவர். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் ஆயுதம் எடுத்துச் சண்டையிடுவது பாவம் என்று அவர் மனச்சாட்சிக்குப் பட்டது. 1943இல் அழைப்பு வந்ததும் போக மறுத்தார்; காயம்பட்டவர்களைக் கவனிக்கும் வேலை என்றால் வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார், ஏற்கவில்லை. அவரை வற்புறுத்தியவர்கள் யார் தெரியுமா? நாஜிகள் மட்டும் அல்ல. சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், பாதிரியார்கள், பிஷப்கூட, மூன்று பெண் குழந்தைகள் இருக்கிறார்களே, குடும்பத்தை யோசி என்றார்கள். தீய நோக்கத்தோடு சொன்னதில்லை, அக்கறையோடுதான் சொன்னார்கள். மனைவி ஃபிரான்சிஸ்காவும் ஆரம்பத்தில் மன்றாடிப் பார்த்தார். பிறகு, நானும் கூட நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று கணவர் பக்கம் நின்றார். 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது.

போர் முடிந்தபிறகும் ஊரில் பலர் அந்தக் குடும்பத்தைக் குறைவாகத்தான் பார்த்தார்கள். விதவைக்கான ஓய்வூதியம் கிடைக்கவே வருடங்கள் ஆயின. 2007இல் திருச்சபை அவரை அருளாளர் (புனிதர் நிலைக்கு முந்தைய படி) என்று அறிவித்தபோது ஃபிரான்சிஸ்கா 94 வயதில் அங்கே உட்கார்ந்திருந்தார். 64 வருடம் அந்த முடிவின் விலையைக் கட்டியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

உங்களையும் அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம், மனைவிக்கும் கணவனுக்கும் தெரியாமல் தனியாக வீரனாகாதீர்கள். விலை கொடுக்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், பேச வேண்டும், அழ வேண்டும் என்றால் சேர்ந்து அழ வேண்டும். பிள்ளைகள் பசியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அப்பா அம்மா ஏன் திடீரென்று பேசாமல் போனார்கள் என்று புரியாமல்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலையே செய்யக்கூடாதோ? விட்டுவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். வரி வசூலிப்பவர்களும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். ஒபதியா ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரன், அதைவிட மோசமான முதலாளி யார் இருக்க முடியும்? அங்கே இருந்துகொண்டேதான் 100 தீர்க்கதரிசிகளைக் குகைக்கு ஐம்பது ஐம்பது பேராக ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான்.

எப்போது விட வேண்டும்? தப்பு உங்களைச் சுற்றி நடக்கிறது என்பதற்காக அல்ல, தப்பைச் செய்வதே உங்கள் வேலையாக ஆகிவிட்டது என்றால். மறுத்து மறுத்துப் பார்த்தும் ஒவ்வொரு வாரமும் அதையே கேட்கிறார்கள், உங்களுக்கும் மறுக்கும் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் வேறு வேலை தேடுங்கள். தேடிக்கொண்டே இருங்கள், கிடைத்ததும் போங்கள். கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தை எறிவது நேர்மைக்கு அடையாளம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நெருக்கடி சபைக்குள்ளேயே வந்தால்?

வெளியில் இருப்பதைவிடக் கூர்மையாக வரும், ஏனென்றால் அங்கே "கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும்" என்ற ஒரு வாசகம் கையில் இருக்கிறது. கணக்கில் குறை இருக்கும், ஒரு தலைவர் செய்யக்கூடாததைச் செய்திருப்பார், பாதிக்கப்பட்டவர் ஒரு சின்னப் பெண்ணாகவோ ஏழையாகவோ இருப்பார், எல்லாரும் ஒன்றுகூடி, வெளியே தெரிந்தால் ஊழியம் கெடும் என்பார்கள். பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் அது சபைக் கமிட்டி பேசி முடிக்கிற விஷயமே அல்ல, காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். நாமத்தைக் கெடுத்தது செய்தவன்தான், சொன்னவர் அல்ல.

பணத்தைப் பொறுத்தவரை வேதம் ஆச்சரியப்படும் அளவுக்கு நடைமுறையாக இருக்கிறது. எஸ்றா ஆலயத்துக்கான வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர்களிடம் நிறுத்துக் கொடுத்தான்; வெள்ளி மட்டும் 650 தாலந்து (அந்தக் கால எடை அளவு). எருசலேமில் போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் நிறுத்து, எல்லாம் எண்ணிக்கைப்படியும் நிறைப்படியும் எழுதி வைத்தார்கள். கொண்டுபோனவர்கள் "எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா" என்று கோபித்துக்கொண்டதாக இல்லை. பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகத் தொடவில்லை, கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதி, கூட ஆட்களை அனுப்பினார். கணக்கு கேட்டவரை விசுவாசமில்லாதவர் என்று சொல்லும் சபையில் கணக்கு சரியாக இருக்காது என்பது என் அனுபவம்.

அப்புறம், தலைவர்களும் நெருக்கடிக்கு வளைவார்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், பர்னபாவும் கூடவே இழுபட்டுப்போனார். பவுல் எல்லாருக்கும் முன்னால் முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவுக்கே அப்படி என்றால் நம் போதகரும் மூப்பரும் எம்மாத்திரம்.

நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது பேசி என்ன பயன்?

பயன் இருக்கிறது. மேலே சொன்ன கி.பி. 250இல் விழுந்துபோனவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று நோவேசியன் என்பவர் தனிச் சபையே தொடங்கினார். பெரிய சபை அவர் பின்னால் போகவில்லை; மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்து, கண்ணீரைப் பார்த்து, திரும்பச் சேர்த்துக்கொண்டது. மூன்று தடவை மறுதலித்த பேதுருவை மேய்ப்பனாக வைத்த இயேசுவின் சபை வேறு என்ன செய்ய முடியும்?

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் உயிருக்குப் பயந்து, தன் விசுவாசத்தை மறுத்துப் பல பத்திரங்களில் கையெழுத்திட்டார். ஆனாலும் அவரை எரிப்பது என்றே முடிவானது. 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் எல்லாருக்கும் முன் அந்தக் கையெழுத்துகளை விலக்கிக்கொண்டு, எழுதிய வலது கையை முதலில் நெருப்பில் நீட்டினார். 66 வயதில், பலமுறை வளைந்தபிறகு நிமிர்ந்தவர் அவர்.

நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவு கொடுமையாக இருக்காது, ஆனால் சும்மா ஜெபித்துவிட்டு மறந்துவிடுவதாகவும் இருக்காது. முதலில் அதைத் தொடர்வதை நிறுத்துங்கள். அடுத்து, யாருக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று பாருங்கள். லேவியராகமம் 6 எடுத்ததைத் திரும்பக் கொடுத்து ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது, சகேயு நாலத்தனை என்றான். சட்டப் பிரச்சினை இருக்கலாம் என்றால் வாயைத் திறக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை. பிறகு தப்பைச் செய்த இடத்திலேயே திருத்துங்கள், அதாவது அந்தப் பதிவேட்டில், அந்த அறிக்கையில். கடவுளிடம் மட்டும் அறிக்கையிட்டுவிட்டுப் பொய்த்தாளைக் கோப்பிலேயே விட்டுவைப்பதில் அர்த்தம் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. விசுவாசம் இல்லாததாலா?

இல்லை. கெத்செமனேயில் ஆண்டவரே வியாகுலப்பட்டார். கர்மேலில் தனியாக நின்ற எலியா, அதன்பின் யேசபேல் அனுப்பிய செய்தியைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். நீங்களும் முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

நேர்மையாக இருந்ததால் கூட வேலை செய்பவர்கள் என்னை வெறுக்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் வெறுப்பு நேர்மையினால் வந்ததா, உங்கள் வாயினால் வந்ததா என்று பாருங்கள். தானியேலின் எதிரிகள் தேடித்தேடிப் பார்த்தும் அவன் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. நாம் லஞ்சம் வாங்காமல் இருந்துவிட்டு, தினமும் தாமதமாக வந்து, மற்றவர்களை ஏளனமாகப் பார்த்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? சாந்தத்தோடு பதில் சொல்லச் சொன்னார் பேதுரு.

நேர்மையாக இருந்து வேலையை இழந்தவருக்குச் சபை என்ன செய்ய வேண்டும்?

வாடகை கட்ட வேண்டும். "ஜெபிக்கிறோம்" என்பதை அப்புறம் சொல்லலாம்.

இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்தீதெஸ் என்ற கிறிஸ்தவர் பேரரசனுக்குத் தங்கள் மக்களைப் பற்றி எழுதியபோது, தங்களில் ஒருவன் கிறிஸ்துவின் பெயருக்காகச் சிறைப்பட்டால் எல்லாரும் அவனுடைய தேவையைப் பார்ப்பார்கள் என்றும், ஒரு ஏழைக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் உபவாசம் இருந்து மிச்சம் பிடித்துக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். இன்றைக்கு நம் சபைகளில் ஒருவர் பொய்க் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்தால், ஒரு சாட்சி கூட்டத்தில் எழுப்பிப் பேசவைத்துக் கைதட்டுகிறோம், அடுத்த மாதம் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

மாதச் சம்பளம் வருகிற நாலு குடும்பங்கள் சேர்ந்து, அவர் கேட்பதற்கு முன்பே, இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, வெளியில் சொல்லாமல் கொடுத்துவிடலாம். உங்களில் யாராவது ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் அவருடைய விண்ணப்பத்தை வாங்கிப் பாருங்கள். பழைய நிறுவனத்தில் அவரைப் பற்றி விசாரித்தால் நல்லதாகச் சொல்ல மாட்டார்கள், ஆகவே அவரைத் தெரிந்த நீங்கள்தான் எழுத்தில் சான்று கொடுக்க வேண்டியிருக்கும்.